ஊஞ்சல் இருக்கட்டும், கொக்கி எங்கே? கூரையில் தொங்கவிடும் பொருட்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய, தலைக்கு மேலே தொங்கும் பொருட்களைப் பற்றியவை. ஊஞ்சல், தூளி, மின்விசிறி, துணி காயப்போடும் கம்பி என்று பொருளைப் பற்றி எல்லோரும் விசாரித்திருக்கிறார்கள். அதைத் தாங்கப்போகும் கொக்கியைப் பற்றிக் கேட்டவர்கள் ஓரிருவர்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (திருச்சி வாசகி): வீடு கட்டி 2 வருடம் ஆகிறது. ஹாலில் தேக்கு ஊஞ்சல் போட ஆசை. தளம் போடும்போது கொக்கி விட மறந்துவிட்டோம். கடைக்காரர், "நாலு ஆங்கர் அடிச்சா போதும்மா, எங்க ஆளே வந்து மாட்டிக் குடுத்துடுவான்" என்கிறார். நம்பிப் போடலாமா?

பதில்: பலகைக்குப் பணம் கட்டும் முன் நல்ல வேளையாகக் கேட்டீர்கள் அம்மா. முதலில் எடையைப் பார்ப்போம். 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குல கனத்தில் தேக்குப் பலகை என்றால் அதுவே சுமார் 30 கிலோ. சங்கிலி, வளையம் எல்லாம் சேர்த்து 10 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோவில் பெரியவர்கள் இருவர், மடியில் 20 கிலோவில் ஒரு பிள்ளை. ஆகமொத்தம் 200 கிலோ.

இது ஊஞ்சல் சும்மா நிற்கும்போது. ஆட ஆரம்பித்தால் கணக்கு மாறும். நேர்க்கோட்டிலிருந்து 30 பாகை வரை போய் வந்தால், ஊஞ்சல் கீழே வந்து கடக்கும் ஒவ்வொரு முறையும் கொக்கியில் விழும் இழுவை கால் பங்கு கூடும். 45 பாகைக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே. பிள்ளைகள் உந்தி உந்தி 60 பாகைக்குக் கொண்டுபோனால் சரியாக இரண்டு மடங்கு, அதாவது உங்கள் 200 கிலோ அங்கே 400 கிலோ. யாராவது பொத்தென்று வந்து உட்கார்ந்தால் அந்த அதிர்ச்சி தனி.

"நாலு கொக்கி இருக்கே, நாலாகப் பிரிந்துவிடுமே" என்று தோன்றும். நடைமுறையில் அப்படிப் பிரியாது. நாலு சங்கிலியில் ஒன்று ஒரு வளையம் நீளமாக இருந்தாலே அது தொய்ந்து நிற்கும். சில நேரம் இரண்டு கொக்கிகள்தான் முழு வேலையையும் செய்யும். அதனால் ஒவ்வொரு கொக்கியும் மொத்த இழுவையில் பாதியைத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 பாகை ஆட்டத்துக்கு அது 160 கிலோ. மனிதர் உட்காரும் பொருளுக்கு அதைப்போல ஐந்து மடங்கு தாங்கும்படி கொக்கியும் பிடிப்பும் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஒரு கொக்கிக்கு 800 கிலோ. கடைக்காரரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அவர் "500 கிலோ தாங்கும்" என்றால், அது உடையும் எடையா, தினமும் தாங்கக்கூடிய வேலை எடையா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே பல மடங்கு வித்தியாசம் உண்டு.

இனி கூரைக்கு வருவோம். நம் வீடுகளில் தளம் பெரும்பாலும் 5 அங்குலம், அதாவது 125 மி.மீ. கீழ்ப்பக்கம் பூச்சு. அதற்கு மேல் சுமார் 20 மி.மீ. கான்கிரீட் மூடல், அதற்கும் மேல் கம்பி. தளம் தன் எடையிலேயே நூலளவு கீழ்நோக்கி வளைந்துதான் நிற்கிறது. அறையின் நடுவில் அதன் அடிப்பக்கம் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அங்கே இருக்கும். அந்த இழுவையைத் தாங்கத்தான் கம்பியையே அடியில் போடுகிறார்கள். சாதாரண ஆங்கர் போல்ட் என்ன செய்கிறது? துளைக்குள் விரிந்து, பக்கச் சுவரை நெட்டித் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் துளையின் குறுக்கே விரிசல் போனால் பிடி தளர்ந்துவிடும். அலமாரி என்றால் ஒரே எடை, ஒரே திசை. ஊஞ்சலோ முன்னும் பின்னும் நாளெல்லாம் ஆட்டி ஆட்டி இழுப்பது. ஹால் நடுவில் நாலு சாதாரண ஆங்கரை நம்பி ஊஞ்சல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேறு வழிகள் இருக்கின்றன. மேலே உங்கள் சொந்த மொட்டைமாடி என்றால், தளத்தை முழுக்கத் துளைத்து, மேலே 6 அங்குல சதுரத்தில் நல்ல கனமான இரும்புத் தகடு வைத்து, இரட்டை நட்டு போட்டு இறுக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. அப்போது கொக்கி துளையின் பிடிமானத்தில் நிற்பதில்லை, தளமே தகட்டின் கீழ் நின்று தாங்குகிறது. மாடியில் அந்த இடத்தை ஒழுகாமல் அடைக்க வேண்டிய வேலை உண்டு. மழைக்காலத்துக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். இன்னொரு வழி, பீமிலிருந்து பீமுக்கு அல்லது சுவரிலிருந்து சுவருக்கு இரும்புச் சேனல் ஒன்றைக் கொடுத்து அதில் ஊஞ்சலை மாட்டுவது. பார்வைக்கு மரப்பலகை போர்த்திவிடலாம். எதைச் செய்தாலும், பீமையோ தளத்தையோ துளைக்கும் முன் ஒரு கட்டடப் பொறியாளரை வீட்டுக்கு அழைத்து இடத்தைக் காட்டிவிடுங்கள்.

மூன்றாவது வழி கெமிக்கல் ஆங்கர். துளையில் பசையைச் செலுத்தி மரையுள்ள கம்பியைச் செருகுவது. நன்றாகச் செய்தால் பலமானது. விரிசல் உள்ள கான்கிரீட்டுக்கும் ஏற்றது என்று அந்தப் பசையின் விவரத்தாளில் இருக்க வேண்டும். 125 மி.மீ. தளத்தில் 12 மி.மீ. கம்பிக்கு 90 மி.மீ. ஆழம் போகலாம். பூச்சை அந்த ஆழத்தில் சேர்க்கக் கூடாது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டிரில் போட்டதும் முதலில் பொடிப்பொடியாகப் பூச்சுத் தூள் கொட்டும். பிறகு சத்தம் கனத்து, கருஞ்சாம்பல் நிறத்தில் கான்கிரீட் தூள் வரும். திடீரென்று கிறீச்சென்று கத்தி, பிட் உள்ளே இறங்காமல் நின்று, தூளில் பளபளவென்று இரும்புத் துகள் தெரிந்தால் அது உங்கள் வீட்டுக் கம்பி. அழுத்திக் குடையவிடாதீர்கள். இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, அந்தத் துளையை, காய்ந்தாலும் சுருங்காத கிரௌட் என்ற சிமென்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். துளை முடிந்ததும் ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதி, அப்புறம்தான் பசை. இந்த ஊதலைச் சோம்பலில் விட்டுவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் பசை கான்கிரீட்டில் ஒட்டாமல் தூளில் ஒட்டும். இரண்டு நாள் கழித்துக் கையோடு வரும்.

சுவிட்ச் போர்டிலிருந்து ஃபேன் பாக்ஸுக்குப் போகும் மின்சாரக் குழாயும் தளத்துக்குள்தான் ஓடுகிறது. அதன் பாதையை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியபின் உடனே உட்காராதீர்கள். கீழே பழைய மெத்தையைப் போட்டு, பலகையின் மேல் 25 கிலோ அரிசி மூட்டைகளையும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களையும் ஏற்றுங்கள். நீங்கள் உட்காரப்போகும் எடையைப்போல இரண்டு மடங்கு ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு கொக்கியின் அடியையும் பாருங்கள். பூச்சில் புதிதாக மயிரிழைக் கீறல் தெரிந்தாலும், கொக்கி ஒரு நூல் இறங்கியிருந்தாலும் அன்றே கழற்றிவிட வேண்டும்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தளம் ஊற்றும் முன் 16 அல்லது 20 மி.மீ. கம்பியைக் கொக்கியாக வளைத்து, அதன் இரண்டு காலையும் தளக் கம்பிகளுக்கு மேலே மடக்கிப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கம்பி வேலை நடக்கும் அன்று இதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஊஞ்சல் வாங்குகிறோமோ இல்லையோ, கொக்கியை விட்டு வையுங்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு பாட்டி): மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரன் பிறந்து 20 நாள். ஃபேனைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் சேலைத் தூளி கட்டலாமா? எங்கள் காலத்தில் உத்திரத்தில் கட்டுவோம். மருமகன் ஸ்பிரிங் தொட்டில் வாங்கலாம் என்கிறார்.

பதில்: பேரனுக்கு என் வாழ்த்துகள் அம்மா. மின்விசிறி பொதுவாக 4, 5 கிலோ இருக்கும். கைக்குழந்தையும் சேலையும் சேர்ந்தால் அதே அளவுதான். ஆகவே ஒழுங்காகப் போட்ட ஃபேன் கொக்கிக்கு எடை ஒரு பிரச்சினை இல்லை. கொக்கிக் கம்பி தளக் கம்பியோடு கட்டப்பட்டிருக்கிறதா, அல்லது ஃபேன் பாக்ஸ் என்ற தகர டப்பாவின் ஓட்டையில் மட்டும் செருகி நிற்கிறதா என்பதுதான் கேள்வி. டப்பா துருப்பிடித்து உதிர்ந்திருந்தால் கட்டாதீர்கள். ஃபேனைக் கழற்றிய ஒயர் முனைகளை எலக்ட்ரீஷியனை வைத்துக் கனெக்டர் போட்டு மூடி மேலே ஒதுக்கச் சொல்லுங்கள். சேலை அந்த ஒயரில் உரசக் கூடாது.

எங்கள் பழைய வீட்டில் மூன்று தலைமுறைக்குத் தூளி கட்டிய ஒரு வளையம் இருந்தது. வீட்டை இடிக்கும்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கயிற்றுக் கொக்கி உரசிய இடத்தில் பிறை போல ஒரு பள்ளம். என் கட்டைவிரல் நகம் அதில் அப்படியே உட்கார்ந்தது. விரல் கனம் இருந்த இரும்பு அந்த இடத்தில் பென்சில் கனம்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் அடித்துப் பளபளவென்றுதான் இருக்கும். தேய்மானம் வளையத்தின் உள்பக்கத்தில். அதனால் நாற்காலி போட்டு ஏறி, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே மாற்றிவிடுவது நல்லது.

ஸ்பிரிங் தொட்டில் வாங்கினால் எத்தனை கிலோ குழந்தை வரை என்று அதில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்குக்குப் பக்கத்திலேயே, அது முழுக்க நீளும் அளவைவிடச் சற்று நீளமாக, தனியே ஒரு பாதுகாப்புக் கயிறோ சங்கிலியோ இருக்க வேண்டும். ஸ்பிரிங் அறுந்தால் தொட்டில் அதில் நிற்கும். அது இல்லாத தொட்டிலை வாங்க வேண்டாம். திறந்த எஸ் கொக்கியும் வேண்டாம், திருகி மூடும் வளையம் கேளுங்கள். தூளி எதுவானாலும் முழங்கால் உயரத்துக்கு மேலே போகாமல் கட்டி, கீழே மெத்தை போடுங்கள். நைந்த சேலை மென்மையாக இருக்கும் என்று எடுப்போம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை விட்டிருந்தால் வேறு எடுங்கள். நீண்ட நேரத் தூக்கத்துக்கு, மட்டமான கெட்டியான படுக்கையில் மல்லாந்து படுப்பதைத்தான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். குழந்தை புரளத் தொடங்கியதும் தூளியை நிறுத்திவிடலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் 5 வயது, 8 வயது, 10 வயதுப் பிள்ளைகள் இருந்தால், கைக்குழந்தை இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்துவிடுங்கள், அல்லது கைக்கு எட்டாமல் மேலே சுருட்டிக் கட்டுங்கள். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து முறுக்கி முறுக்கிச் சுற்றி விளையாடும்போது சேலை கழுத்தை இறுக்கி இறந்த செய்திகள் நம் ஊரில் திரும்பத் திரும்ப வருகின்றன. கொக்கி எவ்வளவு பலமாக இருந்தாலும் இந்த ஆபத்து குறையாது.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): வாடகை ஃபிளாட். பால்கனியில் முட்டை வடிவப் பிரம்பு ஊஞ்சல் நாற்காலி மாட்ட வேண்டும். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார்.

பதில்: ஸ்டாண்டோடு வருவதை வாங்குங்கள். உங்கள் பால்கனியின் கூரை, மேல் வீட்டுக்காரரின் பால்கனித் தரை. ஒரு பக்கம் மட்டும் கட்டடத்தில் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நீட்டியிருக்கும் தளம் அது. அதன் நுனிப் பக்கம் ஒற்றைக் கொக்கியில் ஆடும் எடையைக் கொடுக்க உங்கள் வீட்டுக்காரர் சம்மதம் போதாது. சில பெரிய அடுக்கு மாடிகளில் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் வேறு ஓடுகின்றன. அதில் டிரில் பட்டால் சேதம் உங்கள் வீட்டோடு நிற்காது. அசோசியேஷனில் கேட்காமல் அந்த வகைக் கட்டடத்தில் கூரையில் ஓட்டையே போடக் கூடாது. வீடு மாறும்போது ஸ்டாண்டு உங்களோடு வரும்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஹாலில் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டாயிற்று. இப்போது 12 கிலோ சரவிளக்கு ஒன்று பிடித்திருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் ஃபிரேமிலேயே கூடுதல் சேனல் கொடுத்து மாட்டிவிடலாம் என்கிறார் இன்டீரியர்காரர்.

பதில்: வேண்டாம் ஐயா. ஜிப்சம் பலகை 12.5 மி.மீ. கனம்தான். அதைப் பிடித்திருக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம் அந்தப் பலகையின் எடைக்காகப் போட்டது. அது தளத்தில் தொங்குவதே சின்னச் சின்ன ஆங்கர்களில். அதன்மேல் 12 கிலோவை ஏற்றினால் ஒரு மூலை தொய்ந்து பெயின்டில் கீறல் விடுவதில் தொடங்கும். விளக்கானாலும் மின்விசிறியானாலும் பிடிப்பு மேலேயுள்ள அசல் தளத்திலிருந்து வர வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு ஓட்டை மட்டும் போட்டு, தளத்திலிருந்து வரும் கம்பி அதைத் தொடாமல் வெளியே வர வேண்டும். சீலிங் போடும் முன்பே சொல்லியிருந்தால் எளிது. இப்போது விளக்கு வரும் இடத்தில் ஒரு பலகையை வெட்டித் திறந்து, கம்பியை இறக்கி, மறுபடி ஒட்டுப் போட வேண்டும். அந்தச் செலவையும் விளக்கின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்.

மின்விசிறி மாட்டுவதானால் நீளமான ராடு வாங்குங்கள். இறக்கைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஓர் அடியாவது இடைவெளி இல்லாவிட்டால் காற்று வராது. இரண்டு துண்டு ராடை வெல்டிங் வைத்து ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): கப்பியில் இழுத்து ஏற்றும் துணி காயவைக்கும் ஹேங்கர் வாங்கினோம். கடை ஆள்தான் வந்து மாட்டினார். மூன்றாவது மாதம் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு விழுந்து என் மாமியார் தோளில் அடி. கடையில் "உங்க சீலிங் சரியில்லை, நாங்க என்ன செய்ய" என்கிறார்கள்.

பதில்: உங்கள் மாமியார் நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன். மருத்துவச் சீட்டையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். அதைவிட முக்கியம், விழுந்த ஸ்க்ரூவையும் பிளாஸ்டிக் பிளக்கையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நடந்தது என்ன என்பதற்கு அவைதான் சாட்சி.

பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் வரிப்பள்ளங்களில் ஒட்டியிருக்கும் தூள் மேலிருந்து கீழ்வரை பூச்சுத் தூள்தானா, நுனியில் கருஞ்சாம்பல் கான்கிரீட் தூள் இருக்கிறதா? ஸ்க்ரூவை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 35 மி.மீ. ஸ்க்ரூவில் பிராக்கெட் கனம் கொஞ்சம் போகும். பூச்சு 15 மி.மீ. என்றால் அதுவும் போகும். கான்கிரீட்டுக்குள் போனது விரல் நகம் அளவுதான். பூச்சு என்பது கூரைக்கு அடித்த பவுடர் மாதிரி. அது எதையும் தாங்கக் கட்டப்பட்டதில்லை. ஆறு கம்பியிலும் கையால் பிழிந்த ஈரத் துணி, அதில் இரண்டு பெட்ஷீட் என்றால் 15, 20 கிலோ சாதாரணமாக வரும். அதோடு கயிற்றை வெடுக்கென்று இழுக்கும் இழுப்பும் சேரும்.

சட்டப்படி உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் குறையோடு மாட்டிக்கொடுத்த சேவையின் குறையையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. எப்படி மாட்ட வேண்டும், எவ்வளவு எடை போடலாம் என்ற சரியான அறிவுறுத்தல் பெட்டியில் இல்லையென்றால் அதுவும் உற்பத்தியாளரின் பொறுப்பாகும். சீலிங் சரியில்லை என்றால், துளை போட்ட அன்றே சொல்லிவிட்டு மாட்டாமல் போயிருக்க வேண்டியவர் அவர்களுடைய ஆள். முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, படங்களோடு பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்கும் சேவைக்கும் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

பில் வாங்கும்போது "மாட்டுவதும் சேர்த்து" என்று அதில் எழுதி வாங்கியிருந்தால் வழக்கு இன்னும் எளிது. மற்ற வாசகர்களும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். "ஃப்ரீ ஃபிட்டிங்" என்று வாயால் சொல்வது பில்லில் இருப்பதில்லை.

கேள்வி (கும்பகோணம்): தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. பழைய ஊஞ்சல் வளையம் ஒன்று போய்விட்டது. புதிதாக ஆங்கர் அடித்து மாட்டலாமா?

பதில்: அந்தக் கூரையில் ஆங்கர் என்ற பேச்சே கூடாது. உத்திரத்தின் மேல் சட்டங்கள், சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்திட்டுக் கோணலாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்த கூரை அது. ஒரு செங்கல் மற்றொன்றை நெருக்கிப் பிடித்துத்தான் நிற்கிறது. டிரில் அதிர்ந்து நடுவில் ஒன்று கழன்றால் பக்கத்துக் கற்களும் வரலாம்.

ஊஞ்சல் உத்திரத்தில்தான் தொங்க வேண்டும். முதலில் உத்திரம் சுவருக்குள் நுழையும் இரண்டு முனைகளையும் பாருங்கள். சுவரின் ஈரம் இறங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். சுத்தியலின் கட்டைப் பக்கத்தால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உளுத்தது பொத்தென்று ஓசையில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தி, எளிதாக உள்ளே இறங்கினால் ஊஞ்சலை விடுங்கள், உத்திரத்துக்கே வைத்தியம் தேவை. மரம் நன்றாக இருந்தால், இரண்டு பக்கமும் பட்டை இரும்பு வைத்து, உத்திரத்தின் குறுக்கே போல்ட் கொடுத்து இறுக்கி, பட்டையின் அடியில் வளையம் வரும்படி கொல்லரிடம் செய்யச் சொல்லுங்கள். போல்ட் துளை உத்திரத்தின் உயரத்தில் பாதிக்கு மேலே இருக்கட்டும். அடிப்பக்கம் ஓரமாகத் துளைத்தால் மரம் இழைவாக்கில் பிளக்கும். அடியிலிருந்து நேராகத் திருகி ஏற்றும் கொக்கி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மரம் காயக் காய மரையின் பிடி தளரும்.

கேள்வி (தூத்துக்குடி): எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) சங்கிலியில் 304 தரம் என்று சொல்லி விற்கிறார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்கிறார்களே, சரியா?

பதில்: சரியில்லை. விலை குறைந்த 202 வகையிலும் காந்தம் சரியாக ஒட்டாது. உங்கள் ஊர் உப்புக் காற்றில் 202 சீக்கிரம் பழுப்புப் புள்ளி வைக்கும். தர எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவதுதான் கைக்குப் பிடிமானம். சங்கிலி வளையங்களின் இணைப்பு வெல்டிங் செய்து மூடியிருக்க வேண்டும். வெறுமனே வளைத்து முட்டவைத்த வளையம் இழுத்தால் திறந்துகொள்ளும். அலங்காரக் கடையில் வண்ண வண்ணமாகக் கிடைக்கும் கரபினர் கொக்கிகள் (ஸ்பிரிங் வாய் வைத்து மூடும் வளையங்கள்) சாவிக்கொத்துக்கானவை. மனிதர் எடை தாங்குவதில் கிலோ நியூட்டன் கணக்கு பொறித்திருக்கும். 1 கிலோ நியூட்டன் சுமார் 100 கிலோ. எண் பொறிக்காத கொக்கியில் ஊஞ்சல் மாட்டாதீர்கள். பித்தளைச் சங்கிலி பிடிக்கும் என்றால் வாங்குங்கள், ஆனால் கூரைக் கொக்கிக்கும் சங்கிலிக்கும் நடுவில் பால் பேரிங் வைத்த இணைப்பு கொடுங்கள். இரும்பு பித்தளையைத் தின்னாமல் இருக்கும், கிறீச் சத்தமும் போகும்.

கேள்வி (சேலம்): ஃபேன் வேகமாகச் சுற்றும்போது ஆடுகிறது. மேலே டக் டக் என்று சத்தம். 5 ஸ்டார் ஃபேன், வாங்கி 1 வருடம்தான். விழுந்துவிடுமா?

பதில்: நட்சத்திர முத்திரை மின்சாரச் சிக்கனத்துக்கு மட்டும். தொங்கும் பலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இறக்கை வளைந்தாலும் ஃபேன் ஆடும். ஆனால் சத்தம் மேலே கேட்கிறது என்கிறீர்களே, அதனால் இன்றே நிறுத்திவிட்டுப் பாருங்கள். மெயினை அணைத்து, ராடின் மேலே உள்ள கிண்ணத்தைத் தளர்த்திக் கீழே இறக்குங்கள். கொக்கியில் மாட்டிய பிறைக் கிளாம்பு, அதன் குறுக்கே ஒரு போல்ட், போல்ட்டைச் சுற்றி ரப்பர் உருளை, போல்ட் முனையில் நட்டு, நட்டுக்கு வெளியே ஹேர்பின் போல ஒரு சின்னக் கம்பி. அதுதான் ஸ்பிளிட் பின். அதன் இரண்டு காலும் விரிந்திருக்க வேண்டும். நட்டு அதிர்வில் கழன்றாலும் போல்ட்டை வெளியே விடாமல் தடுப்பது அந்தச் சின்னக் கம்பிதான். அவசரத்தில் மாட்டும் ஆட்கள் அதைப் பாக்கெட்டோடு பெட்டியிலேயே விட்டுப் போவதுண்டு. உங்கள் ஃபேன் பெட்டி பரணில் இருந்தால் அதற்குள்ளும் பாருங்கள்.

ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ராடின் கீழ்முனையில் மோட்டாரோடு சேரும் இடத்திலும் இதே போல்ட்டும் பின்னும் உண்டு, அதையும் பாருங்கள். கூடவே மெல்லிய எஃகு வடம் ஒன்றைக் கிளாம்பிலிருந்து தனியே கூரைக் கொக்கிக்குக் கொடுத்துவிட்டால், மேல் போல்ட் போனாலும் ஃபேன் அந்தரத்தில் நிற்கும். பரிசோதித்து முடிக்கும் வரை அந்த அறையில் ஃபேனுக்கு நேர் கீழே படுக்கை போடாதீர்கள். பெட்டியில் பின் இல்லையென்றால் எலக்ட்ரிகல் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்கள்.